தொழில் உங்களுடையது, இலக்கம் யாருடையது?



மாவனல்லையில் கொழும்பு - கண்டி வீதியோரமாக உள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். பலவற்றில் கடையின் பெயரை விடத் தொலைபேசி இலக்கமே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். உள் வீதிகளுக்குத் திரும்பினால் வீட்டு மதில்களிலும் சின்னப் பலகைகள் தொங்கும். "கேக் ஓர்டர்கள் ஏற்கப்படும்", "பெண்களுக்கான தையல்", "வட்டிலாப்பம் செய்து தரப்படும்" என்ற வரிகளுக்குக் கீழே ஓர் இலக்கம் இருக்கும். அந்தச் சின்னப் பலகைகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான்.

உங்களிடம் மாவின் விலையைக் கேட்டால் உடனே சொல்வீர்கள். நூல் எங்கே மலிவு, பெருநாளைக்கு எத்தனை கேக் போகும், யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் "அந்தப் பலகையில் இருக்கும் இலக்கம் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் பலர் சற்றுத் தயங்குவார்கள். கணவரின் பெயரில் இருக்கலாம். வெளிநாட்டுக்குப் போகுமுன் நானா வாங்கித் தந்ததாக இருக்கலாம். கடைக்காரர் அவசரத்துக்கு யாருடைய அடையாள அட்டையிலோ போட்டுக் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

ஒரு சிறு தொழிலுக்கு எந்தத் தொலைபேசி பொருத்தம், அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம். ஆனால் எந்தத் தொலைபேசி என்று கேட்பதற்கு முன், அது யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளருக்கு உங்கள் வீட்டு விலாசம் தெரியாமல் இருக்கலாம், உங்கள் முகமும் தெரியாமல் இருக்கலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பத்து இலக்கங்கள்தான். அது கைமாறினால் தொழிலும் கைமாறிவிடும்.

ஒரு பழைய கதை

இது இன்று நேற்று வந்த பிரச்சினையல்ல. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்ற நகரில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர் இருந்தார். இறந்தவர்களை அடக்கம் செய்வதற்கான ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது அவருடைய தொழில். அந்தக் காலத்தில் தொலைபேசியில் இலக்கத்தை நாமாகச் சுழற்ற முடியாது. ரிசீவரை எடுத்தால் தொலைபேசி நிலையத்தில் இருப்பவர் பேசுவார். "இன்னாருக்குத் தாருங்கள்" என்று சொன்னால் அவர் கையால் இணைப்பைக் கொடுப்பார்.

தனக்கு வர வேண்டிய அழைப்புகள் போட்டிக்காரருக்குத் திருப்பப்படுகின்றன என்று ஸ்ட்ரோஜர் சந்தேகப்பட்டார். இணைப்புக் கொடுத்த பெண் அந்தப் போட்டிக்காரரின் மனைவி என்றும் சொல்லப்படுகிறது. அது எப்படியிருந்தாலும், இடையில் ஆளில்லாமல் அழைப்பவரே இணைப்பை ஏற்படுத்திப் பேசக்கூடிய தானியங்கி இணைப்பகத்தை அவர் உருவாக்கினார். 1891இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில் அத்தகைய முதலாவது நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய முறையைத் தழுவிய நிலையங்கள் பல நாடுகளில் பல தசாப்தங்கள் இயங்கின.

ஒரு சிறு வியாபாரி தன் அழைப்பு தன்னிடமே வந்து சேர வேண்டும் என்று நினைத்ததில் பிறந்த கண்டுபிடிப்பு இது. இன்று இடையில் இணைப்புக் கொடுக்கும் பெண் இல்லை. ஆனால் அழைப்புக்கும் உங்களுக்கும் இடையில் வேறு ஆட்கள் நிற்கக்கூடும். சிம்மின் சொந்தக்காரர், போனை எடுக்கும் பிள்ளை, கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்திருக்கும் உறவினர் எல்லோரும் அந்த வரிசையில் வருவார்கள்.

உங்கள் பெயரில் எடுங்கள்

ஒரு சகோதரியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எட்டு வருடங்களாகத் தையல் செய்கிறார். இலக்கம் அவருடைய நானாவின் பெயரில் இருக்கிறது. நானா கட்டாரில் வேலை செய்கிறார். ஒரு நாள் போன் தொலைந்து போகிறது. அதே இலக்கத்தில் புதிய சிம் எடுக்க நிறுவனத்தின் கிளைக்குப் போகிறார். "யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு வர வேண்டும்" என்கிறார்கள். நானா லீவில் வர இன்னும் எட்டு மாதங்கள். பெருநாளைக்கு இருப்பதோ மூன்று வாரங்கள். எட்டு வருட வாடிக்கை அந்த மூன்று வாரங்களில் கரைந்து போகும்.

இதில் நானாவின் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் வாங்கிக் கொடுத்தார். ஆனால் நல்லெண்ணம் மட்டும் தொழிலைக் காக்காது. கணவர் மௌத்தானாலோ, குடும்பத்தில் பிரிவு வந்தாலோ நிலைமை இன்னும் கடினமாகிவிடும். ஒரு பெண் உழைத்துச் சேர்த்தது அவளுடைய உடைமை என்று மார்க்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உழைப்பின் வாசலாக இருக்கும் இலக்கமும் அவளுடைய பெயரில் இருப்பதுதானே முறை?

இதற்கு நமது அயல்நாடான பங்களாதேஷ் நல்லதோர் உதாரணம். அங்கே 1997இல் கிராமீன்போன் நிறுவனம் சேவையை ஆரம்பித்தபோது, கிராமீன் வங்கியில் கடன் பெற்றுவந்த கிராமப் பெண்களுக்குக் கையடக்கத் தொலைபேசி வாங்கவும் கடன் கொடுக்கப்பட்டது. தொலைபேசியே இல்லாத கிராமத்தில் அந்தப் பெண் போனை வைத்துக்கொண்டு அழைப்புகளை விற்றாள். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசவும், நகரத்தில் நெல் என்ன விலை போகிறது என்று கேட்கவும் ஊரார் அவளுடைய வீட்டைத் தேடி வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இப்படித் தொழில் செய்த பெண்களின் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது.

பிற்காலத்தில் எல்லோர் கையிலும் போன் வந்ததும் அந்த வருமானம் குறைந்துவிட்டது உண்மைதான். எனினும் அந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கடன் அவள் பெயரில் இருந்தது, போனும் அவள் பொறுப்பில் இருந்தது. ஆகவே ஊரார் தேடி வந்ததும் அவளைத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. உங்களுடைய தேசிய அடையாள அட்டையையும், இப்போது யாருடைய பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவரையும் அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். பெயரை மாற்றித் தரும்படி கேளுங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் அடுத்த லீவில் செய்ய வேண்டிய வேலைகளில் இதையும் எழுதி வையுங்கள். தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்திருந்தால், தொழிலின் பெயரிலேயே இணைப்பு எடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். ரீலோட் செய்யாமல் நீண்ட காலம் கிடக்கும் சிம்மை நிறுவனம் திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று

உம்மா பேசுவதும், பிள்ளையின் ஆசிரியை பேசுவதும், முன்பின் தெரியாத வாடிக்கையாளர் பேசுவதும் ஒரே இலக்கத்தில் என்றால் இரண்டு பக்கமும் நிம்மதி இருக்காது. பலகையில் எழுதிய இலக்கம் ஊருக்கே சொந்தமாகிவிடும். இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வரும். வட்ஸ்அப்பில் நீங்கள் போடும் குடும்பப் படங்களை யார் யாரோ பார்ப்பார்கள்.

ஆகவே தொழிலுக்குத் தனி இலக்கம் வேண்டும். அதற்காக இன்னொரு போன் வாங்க வேண்டும் என்றில்லை. இரண்டு சிம் போடக்கூடிய போனே போதும். ஒன்றுக்கு ஒரு மணியோசையும் மற்றதற்கு வேறோர் ஓசையும் வைத்துவிட்டால், எடுப்பதற்கு முன்பே எது வீட்டு அழைப்பு, எது தொழில் அழைப்பு என்று தெரிந்துவிடும். வேலை நேரம் முடிந்ததும் தொழில் சிம்மை மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

தொழிலுக்கென்றே 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசமானது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. வீட்டு லேண்ட்லைன் இலக்கத்தைக் கொண்டும் அதில் பதிவு செய்யலாம். பதியும்போது குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பு மூலம் உறுதிப்படுத்தக் கேட்டால், உங்கள் லேண்ட்லைன் ஒலிக்கும், குறியீட்டை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். 035 என்று தொடங்கும் நமது கேகாலை மாவட்ட இலக்கத்தை மட்டும் வெளியில் கொடுத்துவிட்டு, சொந்தக் கையடக்கத் தொலைபேசி இலக்கத்தை உங்களோடேயே வைத்துக்கொள்ளலாம்.

பொருட்களின் படமும் விலையும் அடங்கிய பட்டியல், "இப்போது கடை மூடியிருக்கிறது, காலை ஒன்பது மணிக்குப் பதில் சொல்வோம்" என்று தானாகவே போகும் செய்தி, "பணம் வந்தது", "புதிய ஓர்டர்" என்று வாடிக்கையாளரைப் பிரித்து வைக்கும் அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு. முகப்புப் படத்துக்கு உங்கள் படமோ பிள்ளையின் படமோ தேவையில்லை. நீங்கள் தைத்த உடுப்பின் படம் போதும்.

தொந்தரவு அழைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழில் செய்கிற பெண் எல்லா அழைப்புக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேண்டாத பேச்சென்றால் வைத்துவிடுங்கள், இலக்கத்தைத் தடுத்துவிடுங்கள். ஆனால் திகதி, நேரம், இலக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள், வந்த செய்திகளை அழிக்காதீர்கள். முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் அவைதான் சாட்சி. பெண்களுக்கான 1938 என்ற அரசாங்க உதவி இலக்கத்தை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கரண்ட் போனால் எது பேசும்?

இனி எந்த வகை இணைப்பு என்பதற்கு வருவோம்.

நமது நாட்டில் 1980களில் ஒரு தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1989இல் செல்டெல் வந்தது, 1990களில் மொபிடெல்லும் டயலொக்கும் வந்தன. இன்றைக்குத் தெரிவு செய்ய ஏராளம் இருக்கிறது. ஆனால் மழையும் மண்சரிவும் மின்வெட்டும் உள்ள நமது பக்கத்துக்கு எது பொருத்தம் என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

பழைய செப்புக் கம்பி லேண்ட்லைனில் ஒரு நன்மை உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வருகிறது. அது சுமார் 48 வோல்ட். நிலையத்தில் பெட்டரிகள் இருப்பதால் வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண போன் பேசும். ஆனால் பிளக்கில் செருகிப் பயன்படுத்தும் கோட்லெஸ் போன் அப்போது பேசாது. கோட்லெஸ் வைத்திருப்பவர்கள் பழைய சாதாரண போன் ஒன்றையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

புதிதாகக் கொடுக்கப்படும் ஃபைபர் இணைப்பில் பேச்சு தெளிவாக இருக்கும், இணையமும் வேகமானது. ஆனால் ஃபைபர் கம்பியில் ஓடுவது ஒளி. அதில் மின்சாரம் வராது. சுவரில் பொருத்தும் சின்னப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அது போனால் இணையமும் போகும், லேண்ட்லைனும் போகும். ரவுட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றைப் பொருத்தினால் சில மணித்தியாலங்கள் தாக்குப்பிடிக்கலாம். வாங்கும்போது உங்கள் பெட்டியின் வோல்ட் அளவும் யூ.பி.எஸ்ஸின் அளவும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

சிம் போட்டு வைக்கும் 4ஜி ரவுட்டர்களுக்கும் கரண்ட் வேண்டும். கையடக்கத் தொலைபேசிக்குச் சொந்தப் பெட்டரி இருக்கிறது. ஆனால் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டுமே! கோபுரத்திலுள்ள பெட்டரியும் குறிப்பிட்ட நேரம்தான் தாங்கும்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடே இருண்டது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைநாட்டில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே நின்றன. நமக்கு அருகே அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்த துயரமும் நினைவில் இருக்கிறது. இப்படிப்பட்ட வேளைகளில் தொலைபேசி வியாபாரத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் தேவைப்படுகிறது.

ஆகவே ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். லேண்ட்லைன் ஒரு நிறுவனத்தினது என்றால், கையடக்கத் தொலைபேசி இன்னொரு நிறுவனத்தினதாக இருக்கட்டும். இரண்டு சிம் வைத்திருப்பவர்களும் இரண்டையும் வெவ்வேறு நிறுவனங்களில் எடுங்கள். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

ஹெம்மாதகம, அரநாயக்கப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஒரு வீட்டில் நான்கு கோடு சிக்னல் காட்டும், அடுத்த வீட்டில் ஒன்றும் இருக்காது. விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அயல் வீட்டாரின் போனை வாங்கி, நீங்கள் வழமையாக வேலை செய்யும் அறையிலிருந்தே பேசிப் பாருங்கள். மழை நாளிலும் ஒரு தடவை பேசிப் பார்ப்பது நல்லது.

தொழில் வளரும்போது

ஆரம்பத்தில் ஒரு போனும் ஒரு கொப்பியும் போதும். உதவிக்கு இரண்டு பிள்ளைகள் வந்து, தைக்கும் அறை, வெட்டும் அறை, கடை என்று மூன்று இடங்களானதும் ஒரு போன் போதாது. "லைன் எப்போதும் பிஸி" என்று வாடிக்கையாளர் சொல்லத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

முதலில் செலவில்லாத வழிகளைப் பாருங்கள். அழைப்பில் இருக்கும்போது இன்னோர் அழைப்பு வந்தால் காட்டும் வசதியைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்காவிட்டால் அழைப்பை இன்னோர் இலக்கத்துக்குத் திருப்பலாம். கையடக்கத் தொலைபேசியில் **61* என்று அடித்து, மற்ற இலக்கத்தையும் # அடையாளத்தையும் அடித்து அழைத்தால் போதும். நீங்கள் தொழுகையில் இருக்கும்போதோ அடுப்படியில் இருக்கும்போதோ அழைப்பு உங்கள் தாத்தாவிடமோ மகளிடமோ போகும். ##61# என்று அழைத்தால் அது நின்றுவிடும். இப்படித் திருப்பிய அழைப்புக்கான கட்டணம் பொதுவாக உங்கள் கணக்கில்தான் சேரும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

வட்ஸ்அப்பை ஒரு போனோடு இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். ஓர்டர்களை இரண்டு பேர் பார்த்துப் பதில் சொல்ல இது போதும்.

அதற்கும் மேலே போனால் பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் சிறிய இணைப்புப் பெட்டி இருக்கிறது. 3 வெளி லைன்களும் 8 உள் போன்களும் இணைக்கும் அளவு சிறு கடைகளுக்குப் பொதுவானது. வெளியிலிருந்து வருபவர் ஓர் இலக்கத்தைத்தான் அழைப்பார், உள்ளே யார் வேண்டுமோ அவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அறைக்கு அறை பேசுவதற்குக் கட்டணமும் இல்லை.

இப்போது இணையம் வழியாக இயங்கும் முறைகளும் விற்கப்படுகின்றன. அவற்றில் பெட்டியே கடையில் இருக்காது, மாதக் கட்டணம் செலுத்தினால் போதும். இவற்றுக்கு நல்ல இணையம் வேண்டும். ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் தேவைப்படும். அது பெரிய அளவல்ல. ஆனால் மேலே அனுப்பும் வேகமும் தடங்கலின்மையும்தான் முக்கியம். பிள்ளைகள் அதே இணைப்பில் வீடியோ பார்க்கும்போது பேச்சு வெட்டுப்பட்டால், வாடிக்கையாளருக்கு நமது தொழில் மேலேயே நம்பிக்கை குறையும்.

எந்தப் பெட்டியை விற்க யார் வந்தாலும், கையெழுத்து வைக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. மாதக் கட்டணம் வரிகள் எல்லாம் சேர்த்து எவ்வளவு?
2. எத்தனை மாத ஒப்பந்தம்? இடையில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும்?
3. நான் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அல்லது கடையை வேறிடத்துக்கு மாற்றினால் இந்த இலக்கத்தை வைத்துக்கொள்ள முடியுமா?
4. கரண்ட் போனால் எத்தனை மணித்தியாலம் இயங்கும்?
5. பழுதானால் யார் வருவார், எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார்?
6. பெட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பொருத்த வந்தவரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு போனால், பிறகு ஒரு சின்ன மாற்றத்துக்கும் அவரையே தேட வேண்டும். கடவுச்சொல்லை எழுதி வாங்கி, அவர் போனதும் மாற்றிவிடுங்கள்.

போனை எடுப்பது ஒரு வேலை

நல்ல பெட்டி வாங்கியும் போனை எடுப்பவர் சரியில்லாவிட்டால் பயனில்லை. "உம்மா குளிக்கிறா" என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும் பதில் வீட்டுக்கு அழகு, தொழிலுக்கு அழகல்ல. தொழில் போனை யார் எடுப்பது என்பதை முடிவு செய்து வையுங்கள். எடுத்தவுடன் கடையின் பெயரைச் சொல்லுங்கள். நமதூரில் அழைப்பவர் தமிழிலும் பேசுவார், சிங்களத்திலும் பேசுவார். இரண்டு மொழியிலும் நாலு வார்த்தை மரியாதையாகச் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும், நூலில் கட்டிய ஒரு பேனையும் எப்போதும் இருக்கட்டும். திகதி, பெயர், இலக்கம், என்ன ஓர்டர், எப்போது வேண்டும், சொன்ன விலை, தந்த முற்பணம் என்று ஏழு கோடுகள் போட்டு வையுங்கள். எழுதியதை அழைத்தவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "நான் வெள்ளிக்கிழமை என்றுதானே சொன்னேன்?" என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகப் பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். போனில் பேசிய வியாபாரத்தையும் எழுதி வைப்பது அந்தப் பழக்கத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் கொப்பியில் இருக்கும் பிறர் இலக்கங்கள் அமானிதம். கேட்பவர்களுக்கெல்லாம் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

தொலைபேசி ஓர்டர் எடுக்க மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தின் வடகரையில் 1997 முதல் 2001 வரை கையடக்கத் தொலைபேசிகள் வந்தபோது மத்தி மீன்பிடியில் என்ன நடந்தது என்று ரொபட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கரைக்கு வருமுன்பே எந்தச் சந்தையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு மீனவர்கள் படகைத் திருப்பினார்கள். வாங்க ஆளில்லாமல் வீசப்பட்ட மீன் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. மீனவரின் இலாபம் கூடியது, வாங்குபவருக்கான விலையும் சற்றுக் குறைந்தது.

வீட்டுத் தோட்டத்து மிளகும் கராம்பும் சாதிக்காயும் விற்கிற சகோதரிகளே, வாசலுக்கு வரும் ஒரே ஒரு வியாபாரி சொல்லும் விலையோடு நின்றுவிடாதீர்கள். சாக்கைக் கட்டுமுன் மாவனல்லையிலும் கேகாலையிலும் கண்டியிலும் மூன்று கடைகளுக்குப் பேசுங்கள். மூன்று அழைப்புகளின் செலவு மிகச் சொற்பம்.

கள்ளனுக்கும் அது வாசல்தான்

தொழில் இலக்கத்தைத் திருடர்களும் தேடுகிறார்கள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது", "வங்கியிலிருந்து பேசுகிறோம்", "தவறுதலாக உங்கள் போனுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அதைச் சொல்லுங்கள்" என்று பேசுவார்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீடு உங்கள் வீட்டுச் சாவி. அதை யாருக்கும் சொல்ல வேண்டாம். உறவினரின் வட்ஸ்அப்பிலிருந்து கேட்டாலும் சொல்ல வேண்டாம். அவருடைய கணக்கே களவு போயிருக்கலாம்.

யாராவது *21* அல்லது **21* என்று தொடங்கும் ஓர் இலக்கத்தை அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாவற்றையும் அவரிடம் திருப்பிவிடும். பிறகு குறியீட்டை வாசிக்கும் அழைப்பும் அவருக்கே போகும். ஸ்ட்ரோஜர் பயந்த அதே வேலை இது! அடித்துவிட்டிருந்தால் ##002# என்று அழைத்து எல்லாத் திருப்பங்களையும் நிறுத்திவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் இரட்டைப் பாதுகாப்பு இலக்கத்தை இன்றே போட்டு வையுங்கள். *#06# என்று அடித்தால் உங்கள் போனின் 15 இலக்க அடையாள எண் தெரியும். அதைக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது தேவைப்படும். தொலைந்த உடனே நிறுவனத்துக்கு அறிவித்து சிம்மை நிறுத்துங்கள். உங்கள் பெயரில் இருந்தால் அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்தைத் திரும்பப் பெறலாம். எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்தப் பெயர் விடயத்தில்தான் வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா?

இந்த வாரமே செய்யக்கூடியவை மூன்று. உங்கள் தொழில் இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வீட்டு இலக்கத்தையும் தொழில் இலக்கத்தையும் பிரியுங்கள். போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வையுங்கள். புதுப் பெட்டியும் யூ.பி.எஸ்ஸும் வருமானத்தைப் பார்த்துப் பிறகு வரட்டும்.

ரமழான் வருமுன் ஓர்டர்கள் குவியத் தொடங்கும். அதற்குள் இவற்றை முடித்துவிட்டால், பெருநாள் நெரிசலில் உங்கள் போன் ஒலிக்கும்போது மறுமுனையில் இருப்பவர் தேடியது உங்களைத்தான் என்ற நிம்மதியோடு அதை எடுக்கலாம். உங்கள் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.